சாவைப் பேசிய வீடு, பேசாத வார்ட்

2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து ஒரு நோயாளியை மட்டக்களப்பு நகரத்துக்குக் கொண்டுவர நினைத்தால் வாவியில் ஓடிய பாதையைத்தான் நம்பவேண்டும். மோட்டார் சைக்கிளும் நெல் மூட்டையும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறும் அதே மிதவைத் தட்டில்தான் நோயாளியும் ஏறவேண்டும். இருட்டிவிட்டால் அதுவும் இல்லை. சுற்றிப் போகலாம் என்றால் வவுணதீவு, வலையிறவு. யுத்த காலத்தில் அந்த வழி முழுக்கச் சோதனைச்சாவடி. 2007 வரை வாவியின் அந்தக் கரையான படுவான்கரை ஒரு தரப்பின் கையிலும் நகரம் மறுதரப்பின் கையிலும் கிடந்தன. படுவான்கரையில் கான்சர் வந்த ஒருவர் தன் வீட்டுத் திண்ணையிலேயே கண்ணை மூடினார் என்றால், அதை அவர் விரும்பித் தேர்ந்த சாவு என்று நாம் இன்று புகழக்கூடாது. பலருக்கு வேறு வழி இருக்கவில்லை.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்துச் சாவைப் பற்றிப் பேசும்போது நம்மவர்களின் குரல் இளகிவிடுகிறது. சுற்றிவர சொந்தம், தலைமாட்டில் விளக்கு, வாயில் பால் என்று சொல்லிக்கொண்டே போவோம். வலியைச் சொல்வதில்லை. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப்புற்று. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் வட்டாவில் வைத்து வந்தவருக்கெல்லாம் நீட்டுகிற நம் ஊரில் அதற்குக் குறைவே இல்லை. கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்த புண், தண்ணீர்கூட இறங்காத தொண்டை, வீட்டார் வாயை மூடிக்கொண்டு கடந்துபோகும் வாடை, இரவு முழுக்க முனகல். அதற்கு வீட்டில் இருந்த மருந்து பனடோலும் பரியாரியாரின் எண்ணெயும்தான். கர்ப்பப்பை வாசலில் புற்று வந்த பெண்கள் யாரிடமும் சொல்லாமலே இரத்தம் போய்ச் செத்தார்கள். மோர்பின் என்ற ஒன்று உலகில் இருந்தது. புற்றுநோய் வலிக்கு அதைப் படிப்படியாக எப்படிக் கொடுப்பது என்று உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே எழுதி வெளியிட்டுவிட்டது. வாவியைத் தாண்டி அது வரவில்லை.

ஆனால் அந்த வீடுகளில் ஒன்று இருந்தது. சாகப்போகிறவர் பேசினார், மற்றவர்கள் அதைக் கேட்டார்கள்.

மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குரியது. தமிழர், முஸ்லிம் இரு பக்கத்திலும் மகளுக்குத்தான் வீடு எழுதுவார்கள். மருமகன் அங்கே வந்து சேருவான். தாயும் தகப்பனும் முதுமையில் அந்த வளவிலோ அடுத்த வளவிலோ மகளின் கண் முன்னால் இருப்பார்கள். இந்தத் தாய்வழி ஏற்பாடு சாவுக்கும் ஒரு முறைமை தந்தது. படுத்தவரைப் பார்ப்பது யார் என்ற கேள்வியே எழாது. அவர் சொல்ல நினைப்பதைக் கேட்க மகள் அருகிலேயே இருந்தாள். பரியாரியார் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இனி மருந்து வேணாம் மகள், ஆசப்பட்டதச் சமைச்சுக் குடுங்க” என்று சொல்லிவிட்டுப் போவார். அது படுத்திருப்பவரின் காதிலும் விழும். பிறகு அவர் வயலில் எந்தத் துண்டு யாருக்கு என்று சொல்வார். யாரிடம் கடன் இருக்கிறது, தான்தோன்றீச்சரத்துக்கோ மாமாங்கத்துக்கோ வைத்த நேர்த்தி எது பாக்கி, முகம் பாராமல் இருக்கும் தம்பியை யார் போய்க் கூட்டிவருவது, எல்லாம் சொல்வார். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் படுத்திருக்கும் வாப்பா ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பொருத்தம் கேட்பார். கொடுக்கல் வாங்கலைத் தீர்க்கச் சொல்வார். கடைசி நேரத்தில் யாராவது காதோரம் குனிந்து கலிமா சொல்லிக் கொடுப்பார்கள். கத்தோலிக்க வீட்டில் சாமியாருக்கு ஆள் போகும். சாவு வருகிறது என்பதை மறைக்காததால் இவை எல்லாவற்றுக்கும் நேரம் கிடைத்தது.

இடையில் மஹரகம வந்தது. புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் கிழக்கு மாகாணத்து ஆளுக்கு நீண்ட காலம் பெரும்பாலும் கொழும்பை அடுத்த அந்த ஆஸ்பத்திரிதான் போக்கிடம். இரவு ரயிலில் ஏறி விடியக் கொழும்புக் கோட்டையில் இறங்கி, பஸ் பிடித்து, பாஷை தெரியாத வரிசையில் நின்று, கதிர்வீச்சு முடியும்வரை கிழமைக்கணக்கில் தங்க இடம் தேடவேண்டும். அங்கே பலர் பிழைத்தார்கள், அதை மறக்கக்கூடாது. பிழைக்காதவர்கள் ஊரிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால், தமிழில் ஒரு வார்த்தை ஆறுதலாகக் கேட்காமல் செத்தார்கள். சிலரைக் கடைசி மூச்சோடு வானில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தார்கள். வாசலைத் தாண்டும்வரை உயிர் நிற்கவேண்டுமே என்று வழி நெடுகப் பிரார்த்தித்தபடி வந்த பிள்ளைகள் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

இன்று மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலேயே புற்றுநோய்க்கான விசேட வைத்தியர்களும் கிளினிக்கும் வார்டும் இருக்கின்றன. கீமோ இங்கேயே ஏற்றுகிறார்கள், காசு வாங்காமல். படுவான்கரையிலிருந்து முச்சக்கரவண்டியில் பாலத்தால் வந்துவிடலாம். நோயாளிக்கு நடுச்சாமத்தில் மூச்சு முட்டினால் 1990க்கு அழைக்கலாம். சுவசெரிய அம்புலன்ஸ் வரும். நல்ல மாற்றம்தான், நான் ஒரு சொல்லும் குறைத்துச் சொல்லவில்லை. இந்த வசதிகளோடு சேர்ந்து வேறொன்றும் வந்திருக்கிறது. முற்றிய நோயோடு இருப்பவர், அதைப்பற்றி ஒருவரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசாத நிலையிலேயே அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் (ஐ.சி.யூ.) கதவு வரை கொண்டுபோகப்படுகிறார்.

அது எப்படி நடக்கிறது என்பதை கிளினிக் நாளில் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் அறிவார்கள். அம்மாவை வெளியே வாங்கில் இருத்திவிட்டு மகன் மட்டும் உள்ளே போவான். “டொக்டர், அம்மாக்கு ஒண்டும் சொல்லிப்போடாதீங்க. வகுத்துப் புண் எண்டுதான் சொல்லி வச்சிருக்கம். தெரிஞ்சா தாங்கமாட்டா.” டொக்டருக்கு வெளியே நூறு பேர் காத்திருக்கிறார்கள். அவர் தலையாட்டுகிறார். வெளியே இருக்கும் அம்மாவுக்கோ எல்லாம் தெரியும். தலைமுடி கொட்டுகிறது, பக்கத்து வாங்கில் இருப்பவளுக்கும் கொட்டியிருக்கிறது, சுவரில் நோயின் பெயர் எழுதியிருக்கிறது. பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று அவளும் வாயைத் திறக்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தனித்தனியே அழுகிறார்கள். அன்பினால் நடக்கும் காரியம்தான். ஆனால் அந்த அன்பின் விலையைக் கடைசியில் அம்மாவே கட்டுகிறாள்.

ஏனென்றால் ஒரு நாள் மூச்சு முட்டுகிறது. வார்டில் அப்போது இருப்பது, அவளை அதுவரை பார்த்தேயிராத ஓர் இளம் டொக்டர். அவர் தென்னிலங்கையிலிருந்து வந்தவராகவும் இருக்கலாம். நல்லவர், ஆனால் உயிர் போகிற விஷயத்தைத் தமிழில் பேசும் அளவுக்கு அவருக்குத் தமிழ் போதாது. இடையில் ஒரு தாதி மிஸ் நின்று மொழிபெயர்க்கிறார். “மெசின்ல போடுறதா வேணாமா எண்டு கேக்கிறார்.” பதில் சொல்ல சில நிமிடம்தான் இருக்கிறது. வராந்தாவில் நிற்கும் மருமகன் கட்டாரில் இருக்கும் மைத்துனனுக்கு அழைக்கிறான். அவன் கனடாவில் இருக்கும் அக்காவைச் சேர்க்கிறான். தொலைவில் இருப்பவர்களுக்குக் குற்றவுணர்வு அதிகம். “என்ன செலவெண்டாலும் பரவால்ல, எல்லாம் செய்யச் சொல்லுங்க.” செலவு ஒன்றும் இல்லை, அரசாங்க ஆஸ்பத்திரி. ‘எல்லாம்’ என்றால் என்னவென்று அந்த அழைப்பில் இருந்த யாருக்கும் யாரும் விளக்கவில்லை.

விளக்கியிருந்தால் இப்படிச் சொல்லியிருப்பார்கள். தொண்டைக்குள் ஒரு குழாய் இறங்கும். அது இருக்கும்வரை அம்மாவால் ஒரு சொல் பேச முடியாது. குழாயைப் பிடுங்காமலிருக்க மயக்க மருந்து ஏற்றுவார்கள், சில வேளை கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டுவார்கள். கழுத்து நரம்பில் ஒரு குழாய், மூக்கில் ஒன்று, சலத்துக்கு ஒன்று. குறித்த வேளையில் சில நிமிடம், ஓரிருவர் மட்டும் உள்ளே போகலாம். நுரையீரல் முழுக்கப் புற்று பரவியிருந்தால் இந்த மெசின் அதைக் கரைக்காது. இதயம் நின்றபின் நெஞ்சை அமுக்கினாலும், உடல் முழுக்க நோய் பரவியவர்கள் அதிலிருந்து எழுந்து வீடு போவது மிக மிக அரிது. விலா எலும்பு முறிவதுதான் அடிக்கடி நடக்கும். வாயில் பால் விட முடியாது, காதில் கலிமா சொல்ல ஆள் பக்கத்தில் இல்லை. வெளியே வாங்கில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, உள்ளே அவள் தனியே போவாள்.

ஐ.சி.யூ.வை நான் குறை சொல்லவில்லை. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது பியோன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர், மூச்சு நின்ற நோயாளிகளின் தொண்டையில் துளையிட்டு, மருத்துவ மாணவர்களை முறை வைத்துக் கையால் காற்றடிக்கச் செய்து காப்பாற்றினார். அதிலிருந்து பிறந்த பிரிவு இது. தானாகத் தேறக்கூடிய உடம்புக்கு, தேறும்வரை முட்டுக்கொடுப்பதே அதன் வேலை. கான்சர்காரருக்கும் அது தேவைப்படும் நேரங்கள் உண்டு. பெரிய ஒப்பரேஷனுக்குப் பிறகு ஓரிரு நாள். கீமோவினால் வெள்ளணு குறைந்து கிருமி இரத்தத்தில் ஏறிய இளம் தாய்க்கு. குணமாகக்கூடிய இரத்தப் புற்றோடு வந்த பிள்ளைக்கு. இவர்களுக்குக் கட்டில் மறுப்பது அநியாயம். முடிவு தெளிவாகத் தெரியாதபோது, மூன்று நாள் பார்ப்போம், தேறாவிட்டால் மெசினை நீடிக்கமாட்டோம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு முயல்வதும் நல்ல மருத்துவம்தான். இலங்கையில் ஐ.சி.யூ. கட்டில்கள் மிகக் குறைவு. வயலில் பாம்பு கடித்தவன், பிள்ளைப்பேற்றில் இரத்தம் போனவள், விபத்தில் அடிபட்ட பள்ளிப் பையன் எல்லாரும் அதே கட்டிலுக்குக் காத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கை நோயாளியின் பிள்ளைகளிடம் போட்டுக் காட்டி அவர்களை ஒப்பவைக்கக்கூடாது என்பது என் எண்ணம். அம்மாவுக்கு எது நல்லது என்பதே அவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வி.

பேசினால் நம்பிக்கை போய்விடும், ஆள் சீக்கிரம் போய்விடுவார் என்ற பயம் நமக்கு. அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் முற்றிய புற்றுநோயாளர் 332 பேரைத் தொடர்ந்து கவனித்து 2008இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கடைசிக் காலம் எப்படி இருக்கவேண்டும் என்று டொக்டரோடு பேசியதாகச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூட. பேசியவர்களில் கடைசிக் கிழமையில் ஐ.சி.யூ.வுக்குப் போனவர்கள் 4.1 வீதம், பேசாதவர்களில் 12.4 வீதம். மூச்சு மெசினில் போடப்பட்டவர்கள் 1.6 வீதம், மற்றப் பக்கம் 11 வீதம். பேசியவர்களுக்கு மனச்சோர்வோ கவலையோ கூடவில்லை. இரண்டு வருடம் கழித்து பொஸ்டனில் இன்னோர் ஆய்வு. பரவிய நுரையீரல் புற்றோடு வந்த 151 பேரில் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு சேர்த்து முதலிலிருந்தே வலி நிவாரணமும் ஆற்றுப்படுத்தலும் தருகிற வைத்தியர்களின் கவனிப்பு. இரண்டாம் பாதியினருக்குக் கடுஞ்சிகிச்சை குறைவாகவே நடந்தது. ஆனாலும் அவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. அமெரிக்கக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். பேச்சு ஆளைக் கொல்லும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்பதை அது காட்டுகிறது.

நம் ஊர் மக்கள் பழைய வழக்கத்தை முழுவதும் விட்டுவிடவும் இல்லை. கைமீறிவிட்டது என்று தெரிந்ததும் “வீட்ட கொண்டு போறம், எழுதிக் குடுக்கிறம்” என்பார்கள். வைத்திய ஆலோசனைக்கு மாறாக என்ற தாளில் மகன் கையெழுத்து வைப்பான். என்னைப் பெரிதும் வருத்தும் தாள் அது. வீட்டுக்குக் கொண்டுபோவதைவிடப் பொருத்தமான ஆலோசனை இல்லை என்று அந்த வார்டில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். இருந்தும் குடும்பம் ஏதோ குற்றம் செய்வதுபோல் வெளியேறுகிறது. கையில் மோர்பின் இல்லை, மூச்சு இரைந்தால் என்ன செய்வது என்று சொன்னவர் இல்லை, அழைக்க ஒரு தொலைபேசி இலக்கம் இல்லை. மறுநாள் இரவு அம்மா வலியில் துடிக்க, பயந்துபோய்த் திரும்பவும் அம்புலன்ஸ். அதே கதவு, அதே மெசின். வாயில் எதுவும் இறங்காதபோது “பட்டினியாக் கிடக்கிறாவே, சேலைன் ஏத்துங்க” என்று கெஞ்சும் பிள்ளைகளுக்கு, கடைசி நாட்களில் உடம்பு உணவைக் கேட்பதில்லை, ஏற்றும் தண்ணீர் நுரையீரலிலும் காலிலும் தேங்கி மூச்சிரைப்பைக் கூட்டும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கவேண்டும். உதட்டை நனைத்துக்கொண்டிருந்தால் போதும்.

ஆஸ்பத்திரியில் சாவதற்கு முஸ்லிம் வீடுகளில் இன்னொரு பயமும் சேர்ந்திருக்கிறது; அதை மறந்துவிட்டு இந்த விஷயத்தைப் பேசமுடியாது. 2020இல் கொரோனாத் தொற்றோடு இறந்தவர்களை அடக்கம் செய்யவிடாமல் கட்டாயமாக எரித்தார்கள். 2021 மார்ச்சில்தான் அடக்கத்துக்கு இடம் கிடைத்தது. அதுவும் நம் மாவட்டத்து ஓட்டமாவடியில். நாடெங்கிலுமிருந்து ஜனாசாக்கள் அங்கே வந்தன. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினால் மையித்து நம் கையில் வராமல் போகலாம் என்று அந்த நாட்களில் உம்மாமார் பயந்தார்கள். அந்தப் பயம் முற்றாகப் போய்விட்டதாக நான் நினைக்கவில்லை. நம்பிக்கையைத் திரும்பக் கட்டவேண்டிய பொறுப்பு வைத்தியசாலைகளுக்கும் அரசுக்கும் உண்டு.

சட்டம் இங்கே இன்னும் பேசாமலே இருக்கிறது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் உயிர்காக்கும் கருவிகளை மறுக்கும் உரிமையையும், அதை முன்கூட்டி எழுதி வைக்கும் ஆவணத்தையும் ஏற்றுக்கொண்டது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இலங்கையில் அப்படியொரு தனிச்சட்டம் இல்லை. எனவே, மெசின் வேண்டாம் என்று முடிவெடுக்கும் டொக்டர் தன் மனச்சாட்சியோடும் பயத்தோடும் தனியே நிற்கிறார். தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் 2019 முதல் 2023 வரைக்கென்று வலி நிவாரணமும் ஆற்றுப்படுத்தலும் சேர்ந்த பராமரிப்புக்கு ஒரு தேசிய உபாயத் திட்டம் எழுதியது. எழுத்தில் அது நல்ல திட்டம். வெல்லாவெளியிலும் வாகரையிலும் படுத்திருப்பவரின் வீட்டுப் படலை திறந்து யாராவது உள்ளே போனால்தான் அது நிஜமாகும்.

போகமுடியாதா? பிள்ளை பிறந்த வீட்டுக்குக் குடும்பநல மாது சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் தேடி வந்தே இந்த நாடு தாய்மார் சாவைக் குறைத்தது. உலகம் அதைப் பாடமாக எடுத்துப் படிக்கிறது. பிறப்புக்கு வீடு தேடிச் சென்ற நாடு சாவுக்கும் செல்லமுடியும். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் எம். ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் ஒரு சிறு அறையில் தொடங்கிய வலி நிவாரண சேவை, அயலவர்களைப் பழக்கி, உள்ளூராட்சிகளைச் சேர்த்து, 2008இல் மாநிலக் கொள்கையானது. அங்கே தாதி வீட்டுக்கு வருகிறார், புண்ணைக் கழுவுகிறார், மோர்பின் தருகிறார், குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுகிறார். நம் வீடுகள் அமைந்திருக்கும் விதத்துக்கு, மகள் இருக்கும் அந்த வளவுக்கு, இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறு எனக்குத் தெரியவில்லை. கோவில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகங்கள் திருவிழாவுக்கும் கந்தூரிக்கும் திரட்டும் ஆட்பலத்தில் சிறு பங்கைத் திருப்பிவிட்டாலே ஊருக்கு ஐந்து பேரைப் பழக்கலாம்.

திட்டம் வரும்வரை காத்திருக்க நோய்க்குப் பொறுமை இல்லை. உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த வருத்தம் இருந்தால், இந்தக் கிழமையே அவர் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்கு என்ன தெரியும், இன்னும் என்ன தெரிய விருப்பம் என்று அவரைக் கேளுங்கள். தெரிய வேண்டாம் என்று அவர் சொன்னால் அதையும் மதியுங்கள். உங்களுக்குப் பதிலாக யார் முடிவெடுக்கட்டும் என்று மட்டும் கேட்டுவையுங்கள். மூச்சு முட்டினால் மெசின் வேண்டுமா, வீட்டில் இருக்கவேண்டுமா, யார் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளையும் அழைப்பில் சேர்த்து, அவர் வாயாலேயே கேட்கவையுங்கள். அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் வலிக்கு மோர்பின் தரும்படியும், நோயாளி சொன்னதைக் கிளினிக் கொப்பியில் எழுதும்படியும் கேளுங்கள். நடுச்சாமத்தில் மூச்சு முட்டி வார்டுக்குப் போகும்போது, முன்பின் அறியாத அந்த இளம் டொக்டர் முதலில் திறந்து பார்ப்பது அந்தக் கொப்பியைத்தான்.